நானூற்றுப் பன்னிரண்டு பேர்

காலை ஒன்பதரைக்குச் சுருக்கெழுத்தம்மா வீட்டு அழைப்பு மணியை ஒருத்தி விடாமல் மூன்று தடவை அடித்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவள். சாதாரணமாக ஒரு தடவை அடித்துவிட்டு ஒதுங்கி நிற்கிற சுபாவம். ஆனால் அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு நீதிமன்றம் கூடும்போது தான் புளுகி இல்லை என்று அவள் நிரூபித்தாக வேண்டும். தவறினால், செய்யாத திருட்டுக்காக ஒரு பெயிண்டர் சிறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கதவைத் திறந்தவர் சுருக்கெழுத்தம்மாவின் கொழுந்தன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு," என்றார். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. வாய்ப்பழக்கம், என்ன செய்ய.

சுருக்கெழுத்தம்மா முப்பது வருஷம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, சாட்சிகள் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்தவர். தடுமாறுகிறவனையும் துணிந்து புளுகுகிறவனையும் அவ்வளவு பார்த்தவருக்குப் பதற்றம் என்பதே மறந்துபோயிருந்தது. சிக்கலான வழக்கென்றால் வக்கீல்கள் இவரிடம்தான் ஆள் அனுப்புவார்கள். இவளையும் பெயிண்டரின் வக்கீல்தான் அனுப்பியிருந்தார்.

"மெதுவாச் சொல்லும்மா. மணி இன்னும் பத்தே ஆகல," என்றார்.

அவள் சொன்னாள். தெருக் கேமராவில் பதிவாகும் முகங்களை அடையாளம் காட்டுகிற இயந்திரம் ஒன்றை ஒரு கம்பெனி போலீசுக்குக் கொடுத்திருந்தது. ஜூலையில் ஒரு கடை உடைக்கப்பட்டபோது இயந்திரம் பெயிண்டரின் முகத்தைக் காட்டியது. வேறு சாட்சி கிடையாது. நவம்பரில் அவளுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மங்கிய வெளிச்சத்தில் அந்த இயந்திரம் நூற்றுக்குப் பத்தொன்பது முறை ஆளை மாற்றிச் சொல்கிறது என்பதுதான் அதன் சாரம். கேமராக்களுக்கு விதி வகுக்க அமைத்த அரசாங்கக் குழு அதைப் பற்றித் தன் அறிக்கையில் இரண்டு வரி சேர்த்தது. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெயிண்டரின் வக்கீல் நீதிமன்றத்துக்குப் போனார்.

"நேத்து கம்பெனி வக்கீல் ஒரு காகிதக் கட்டை நீட்டினார். மார்ச் மாசம் நான் துறையில குடுத்த முதல் வரைவாம். துறை முத்திரை இருக்கு. ஆனா உள்ள நூத்துக்கு ரெண்டுதான் தப்புன்னு போட்டிருக்கு. ரெண்டைப் பத்தொன்பது ஆக்கினது யாருன்னு கேக்கறார். ரெண்டு மணிக்குள்ள விளக்கம் வரலைன்னா ஆய்வையே ஏத்துக்க முடியாதுன்னுட்டார் நீதிபதி."

"மார்ச்ல நீ எழுதினது எவ்வளவு?"

"பதினெட்டு. ஆய்வுக்குப் படம் குடுத்தவங்கள்ல சில பேர் மே மாசம் எங்க படத்தை எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. கேட்டா அழிச்சே ஆகணும், அது விதி. மிச்சம் இருந்தவங்களை வச்சுத் திரும்பக் கணக்குப் போட்டப்ப பத்தொன்பது ஆச்சு."

"உன் கம்ப்யூட்டர்ல பழைய வரைவு இருக்குமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு படம்கூடத் தங்கிடக் கூடாதுன்னு பயந்து அந்த ஃபோல்டரையே அழிச்சுட்டேன். வரைவும் அதுலதான் இருந்துது."

"டிக்கெட்டோட அடிக்கட்டையையும் சேர்த்துக் கிழிச்சுட்டீங்களே தாயி," என்றார் கண்டக்டர். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுருக்கெழுத்தம்மா வரைவின் ஜெராக்ஸ் நகலை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். முதல் பக்கத்தில் தலைப்பு, பெயர், முத்திரை, அவ்வளவுதான். கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"இடது மூலையில எத்தனை கறுப்புப் புள்ளி இருக்கு, பாருங்க."

"நாலு, அண்ணி."

"அடுத்த பக்கத்துல?"

"ரெண்டு. அதுக்கடுத்ததும் ரெண்டு. எல்லாமே ரெண்டுதான்." அவர் குரல் ஏறியது. "ஸ்டேப்ளர் பின் குத்தின ஓட்டை!"

"ஆமா, ஜெராக்ஸ்ல ஓட்டை புள்ளியாத்தான் விழும். முதல் பக்கம் ரெண்டு தடவை பின் வாங்கியிருக்கு, மத்தது ஒரே தடவை. முழுக் கட்டையும் கழட்டி மாட்டியிருந்தா எல்லாத்துலயும் நாலு இருக்கணும். முத்திரை நிஜம்தான். அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் புதுசு. வரைவு இருந்த துறை பீரோவோட சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

துறைத் தலைவர், அலுவலகக் குமாஸ்தா அம்மாள், புள்ளியியல் ஆசிரியர் என்று மூன்று பேரைச் சொன்னாள் அவள்.

"தலைவர்தான். சந்தேகமே வேண்டாம்," என்றார் கண்டக்டர். தலைவரை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

பதினோரு மணிக்குத் துறையில் இருந்தார்கள். சுருக்கெழுத்தம்மா மூன்று பேரையும் தனித்தனியே அழைத்து, வரைவின் இரண்டாம் பக்கத்தைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்டார்: "படிச்சுப் பாருங்க. ஏதாவது இடிக்குதா?" ஆய்வாளர் பக்கத்தில் இருந்தாள். கடிகாரத்தைப் பார்ப்பதும் நகத்தைக் கடிப்பதுமாக இருந்ததில் பாதி காதில் விழவில்லை.

புள்ளியியல் ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "அந்த ரெண்டைத் தவிர மத்த எண்ணெல்லாம் சரியா இருக்கு. இவங்க நடைதான் இது," என்றார். துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நானூத்தி பன்னிரண்டு பேர்னு இருக்கே, அப்பவேவா?" என்று இழுத்தார். குமாஸ்தா அம்மாள் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். "இது மார்ச்ல எழுதினதா? யார் காதுல பூ சுத்தறாங்க? அப்ப நானூத்தி முப்பது பேரு. மே மாசம் விலகிப் போன பதினெட்டுப் பேருக்கும் பதில் தட்டி அனுப்பினது நான்தானே."

ஆய்வாளருக்குக் குப்பென்று வியர்த்தது. எட்டு மாசமாக நானூற்றுப் பன்னிரண்டையே எழுதி, நானூற்றுப் பன்னிரண்டையே பேசி, அந்த எண் கண்ணுக்கு அவ்வளவு பழகிவிட்டது. நேற்று நீதிமன்றத்தில் அவள் இரண்டையும் பத்தொன்பதையும் பார்த்தாளே ஒழிய, இதைப் பார்க்கவில்லை.

மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார் சுருக்கெழுத்தம்மா.

"போலி பண்ணினவருக்குக் கணக்கு நல்லா வரும். ஆனா மார்ச்ல எத்தனை பேர் இருந்தாங்கன்னு அவருக்குத் தெரியாது. பதினெட்டுப் பதில் கடுதாசியிலயும் கையெழுத்துப் போட்டது தலைவர். தட்டி அனுப்பினது குமாஸ்தாம்மா. இவங்க ரெண்டு பேரும் பண்ணியிருந்தா நானூத்தி முப்பதுன்னுதான் போட்டிருப்பாங்க. சார், நீங்க இந்தத் துறைக்கு எப்ப வந்தீங்க?"

"ஆகஸ்ட்ல," என்றார் புள்ளியியல் ஆசிரியர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"விலகினவங்க போக மிச்சம்தான் உங்க கைக்கு வந்துது. பழைய பக்கத்தைப் படிக்காமலே தூக்கிப் போட்டுட்டு, அச்சான கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கீங்க. எப்பவுமே அவ்வளவு பேர்தான்னு நினைச்சுட்டீங்க."

அவர் ஆய்வாளரைப் பார்த்துத்தான் பேசினார். "நான்தான் மாத்தி வச்சுக் கம்பெனிக்குக் குடுத்தேன். என் தங்கச்சியைக் கீழ தள்ளி, இடுப்பை ஒடிச்சுட்டு ஓடினவனை அந்தக் கேமராதாங்க காட்டிக் குடுத்துச்சு. உங்க ரெண்டு வரியை வச்சு எல்லாத்தையும் கழட்டிட்டா, அடுத்த வீட்டுப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

"அதை எழுதி வெளியிட்டிருக்கலாமே. நான் படிச்சிருப்பேனே," என்றாள் அவள். கோபம் வருமென்று நினைத்தாள். வரவில்லை.

ஆய்வுகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் பீரோவிலிருந்து, விலகியவர்கள் எழுதிக் கொடுத்த பதினெட்டுக் கடிதங்களும் வந்து சேர்ந்தன. கண்டக்டர் எச்சில் தொட்டு எண்ணிச் சரிபார்த்தார். தலைவர் மட்டும் அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தணித்தார்.

"விலகினவங்களைப் பத்திக் கட்டுரையில ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா. கோர்ட்ல இதைக் காட்டினா உன் ஆய்வு மேலயே கேள்வி வரும்."

பக்கக் கட்டுப்பாட்டுக்காக அவளே வெட்டிய வரி அது. வெட்டாமல் விட்டிருந்தால் புள்ளியியல் ஆசிரியர் அதைப் படித்திருப்பார், போலியும் பிசகில்லாமல் வந்திருக்கும். போலியைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய பிசகுதான். அந்தப் பிசகை மறைத்துக்கொண்டு போலியைக் காட்ட வழியில்லை.

"வரட்டும் சார்," என்றாள்.

இரண்டு மணிக்கு அவள் கூண்டில் ஏறினாள். ஓட்டைகளைக் காட்டினாள், கடிதங்களைக் கொடுத்தாள். புள்ளியியல் ஆசிரியர் செய்ததை ஒப்புக்கொண்டு கைப்பட எழுதிக் கொடுத்ததையும் பெயிண்டரின் வக்கீல் தாக்கல் செய்தார். நீதிபதி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார்.

"பதினெட்டுப் பேர் விலகினதை ஏன் கட்டுரையில சொல்லல?"

"பக்கம் போதலைன்னு எடுத்துட்டேன் ஐயா. எடுத்திருக்கக் கூடாது. அவங்களோட சேர்த்தா நூத்துக்குப் பதினெட்டு தப்பு, சேர்க்காம பத்தொன்பது. ரெண்டுமே நான் போட்ட கணக்குதான்."

கம்பெனி வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார். நீதிபதி பேனாவை எடுத்தார். ஆய்வு பதிவில் இருக்கும். விடுபட்ட வரியும் சேர்த்துக் குறிக்கப்படும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தடவை தவறுகிற இயந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே வைக்க முடியாது. பெயிண்டருக்கு ஜாமீன்.

வராந்தாவில் கண்டக்டர் ஆளைப் பிடித்து ஆளைப் பிடித்துக் கை குலுக்கினார். அப்போது பெயிண்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து ஆய்வாளர் கூச்சத்தோடு ஓரடி பின்வாங்கினாள்.

"அம்மா, உள்ள மார்ச் மார்ச்னு சொன்னாங்களே. அந்த மெஷின் தப்பாச் சொல்லுதுன்னு உங்களுக்கு மார்ச்லயே தெரியுமா?"

"தெரியும். ஆனா அது வரைவு. வேற அறிஞர்கள் படிச்சுப் பார்த்து, சரின்னு சொல்லி, அச்சாகி வர..."

"எங்க வீட்டுக்காரரை ஜூலையிலதாம்மா கூட்டிட்டுப் போனாங்க."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தேதிகளைச் சரிபார்த்துக்கொள்கிறவள் போலத்தான் கேட்டாள். கண்டக்டர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்; சுருக்கெழுத்தம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போலீஸ்ல யார்கிட்டயாவது வாய் வார்த்தையாச் சொல்லியிருக்கலாமேம்மா."

நவம்பர் வரை காத்திருந்ததற்கு ஆய்வாளரிடம் நல்ல காரணங்கள் பல இருந்தன. அதில் ஒன்றைக்கூட இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லியிருக்கணும்," என்றாள்.

பெயிண்டரின் மனைவி சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, ஜாமீன் காகிதம் வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.