பொய்த்திரை

"எதிர்முனையில யார் உக்காந்திருக்காங்கன்னு நான் பாக்கணும் சார்."

வேலையில் சேர்ந்த அன்றே பொற்கொடியிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. குறைகேள் கூடத்தின் கண்காணிப்பாளர் தாமோதரன் டீயைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?"

காகித மனு ஒழிந்து பதினைந்து வருடமாகிறது. கீழ்த்தளத்தில் பன்னிரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரையிலி, அதாவது திரை பொருத்தாத கணினி. சென்னையிலிருக்கும் அதிகாரி தொலைநுழைவு செய்து, அதன் கேமராக் கண் வழியாக மனுதாரரைப் பார்ப்பார். பச்சை விளக்கு எரியும். ஆனால் திரை இல்லாத கணினி படம் வரையாது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று சும்மா கிடக்கும். அதை ஏமாற்றப் பின்பக்கம் நகத்தளவு அடைப்பான் ஒன்றைச் செருகுவார்கள். அதற்குப் பெயர் பொய்த்திரை. செருகிவிட்டால் எதிரே திரை இருப்பதாக நம்பி வேலை செய்யும். விளக்கும் எரியும். எரிந்துகொண்டே இருக்கும்.

செருகுவது பொற்கொடியின் வேலை. வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள். மூன்றாம் கூண்டுக்கும் அவள்தான் செருகினாள். ஆறு வருடமாகத் திங்கள்தோறும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருகிற கூண்டு அது. தோல் ஊறும் தொட்டிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் செத்த அப்பாவின் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்றிருக்கிறது. அந்த இரண்டு சொல்லை மாற்ற வேண்டும். மனு அவ்வளவுதான்.

தாமோதரன் சலித்துக்கொண்டே நுழைவுப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மூன்றாம் கூண்டு, கடைசி தொலைநுழைவு: ஏழு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை.

பொற்கொடிக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட யாருடையதோ போல இருந்தது.

"அப்ப எங்கம்மா இத்தன நாளா யார்கிட்ட பேசுச்சு?"

"விளக்குகிட்டன்னு வெச்சுக்கயேன். சொல்லி அழுதா மனசு ஆறுது, வீட்டுக்குப் போயிடறாங்க. முன்னல்லாம் வாசல்ல மறியல், கல்லு. இப்ப சத்தமே இல்ல பாரு." தன் மேசையோரத்துத் திரையிலியின் பச்சை விளக்கை ஓரக்கண்ணால் பார்த்துச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெதுவா பேசும்மா. மேலிடம் என்னையும் பாத்துக்கிட்டிருக்கு."

அவள் பதிவேட்டின் கடைசி வரியில் விரலை வைத்தாள். பதின்மூன்றாம் கணினி, கண்காணிப்பாளர் மேசை. எதிரே வெற்றிடம். ஒரு நுழைவுகூட இல்லை.

"யாருக்காக சார் காலரை இழுத்து விட்டுக்கறீங்க?"

அவர் வாய் திறக்குமுன் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த பொய்த்திரையை உருவினாள். விளக்கு அணைந்தது. தாமோதரனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சொருகிட்டுப் போம்மா," என்றார். குரல் மனுதாரர் குரலாக இருந்தது. "எரியட்டும். சும்மாவாவது எரியட்டும்."

அவள் பையைத் திறந்து உள்ளே போட்டாள். அங்கே ஏற்கெனவே பன்னிரண்டு கிடந்தன, காலையில் கூடம் திறக்குமுன் கழற்றியவை.

கீழே சத்தம் கிளம்பியிருந்தது. அதில் அம்மாவின் குரலும் கேட்டது. பொற்கொடி கதவைச் சாத்தாமல் வெளியேறினாள்.