மூன்றாவது கூப்பாடு

1979 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. சிலமலையிலிருந்து மலை பார்க்கக் கிளம்பிய ஜீப்பு, குரங்கணிக்கு மேலே ஒரு வளைவில் மதியச் சாப்பாட்டுக்காக நின்றது.

சாப்பிட்ட கை காய்வதற்குள், ஜீப்பில் வந்த சோலைமலை செருப்பைக்கூட மாட்டாமல் ஏலத்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

"வயக்காட்டுக்குப் போகச் சொன்னா முட்டி வலிக்கும். இங்க மட்டும் காலு நிக்காதாக்கும்?" என்றாள் மனைவி பொன்னுமணி.

"அண்ணே, மஞ்சு எறங்குறதுக்குள்ள வெரசா வந்துருங்க. வழி தப்புனா உங்கள எங்கிட்டுப் போயித் தேட?" என்று டிரைவர் ஜக்கையன் குரல் கொடுத்தான்.

மஞ்சு சொல்லிக்கொண்டா இறங்கும்? மூடுபனியில் நீட்டிய கையே மங்கிப்போனது. தடுமாறி நடந்த சோலைமலைக்கு ஒரு தகரக் கூரை தட்டுப்பட்டது. அடுப்பு மூட்டி ஏலக்காய் காயவைக்கும் பழைய ஸ்டோர். ஜன்னல் இல்லாத வெற்று அறை. மழையும் பிடித்துக்கொள்ளவே உள்ளே ஒதுங்கினார். எலிப்புழுக்கை நாற்றம்.

வெளியே ஒரு பெண்குரல்.

"உள்ள ஆள் இருக்கா?"

சோலைமலை வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். காட்டில் முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். பேய்க்கு மூன்று தடவை கூப்பிட வராது. சிலமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அவர் காத்திருந்தார்.

இரண்டாவது கூப்பாடு வரவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

"இருக்கேன் ஆத்தா! தொற ஆத்தா!"

கதவு அசையவில்லை. இருட்டில் பச்சை ஏலக்காய் வாசனை எழுந்து, ஏறி, நெஞ்சை அடைத்தது. பாதத்துக்குக் கீழே தரை சுட ஆரம்பித்தது. அடுப்புச் சூட்டைக் கொண்டுவரும் இரும்புக் குழாய் காலில் இடறியது. சற்றுமுன் அங்கே குழாய் எதுவும் இல்லை.

பக்கத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"எந்த ஊரு, மாப்ளே?"

"சி... சிலமலை."

"நான் ராசிங்காபுரம். நம்ம பக்கம் மூணாவது கூப்பாட்டுக்குத்தான வாயத் தொறப்போம்? இங்க ஒரு வாட்டிதான் கேப்பாக. அப்புறம் கதவச் சாத்தி, காய் காயத் தீயப் போட்டுருவாக."

மாலையில் மஞ்சு விலகியபின் பொன்னுமணியும் ஜக்கையனும் தேடி வந்தார்கள். ஸ்டோர்க் கதவு சாத்தியிருந்தது. அதில் தாழ் இல்லை; தாழ் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"உள்ள இருக்கீகளா?" என்று பொன்னுமணி கத்தினாள்.

"இருக்கேன்" என்று ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் சொல்லின.

ஜக்கையன் கதவைத் தள்ளி உள்ளே போய்ச் சோலைமலையைத் தூக்கி வந்தான். வேறு யாரும் அங்கே இல்லை. தரை ஈரமாக, சில்லென்று இருந்தது.

சோலைமலையின் இரண்டு உள்ளங்கால்களும் வெந்திருந்தன.