கூடு கட்டிய புகைபோக்கி

லிந்துலை டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த ஹலீம், முன்பு பொலிஸ் துப்பறியும் பிரிவில் இருந்தவர். ஊரில் எல்லோரும் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார்கள். அன்று அவர் கடை திறந்ததுமே நிலக்ஷி வந்து நின்றாள்.

“எங்க அண்ணன நேத்து அடிச்சுக் கொன்னுட்டாங்க, நானா. மண்டை பொளந்து கெடந்தாரு. சட்டையில ரெத்தம் இருந்திச்சுன்னு காவக்காரர் பழனியாண்டிய புடிச்சிருக்காங்க. அவரு அப்படிப்பட்டவரு இல்ல.”

அவள் அண்ணன் யோகேஸ்வரன், காற்றில் கலக்கும் வாயுக்களை அளக்கும் பொறியாளர். தோட்டத்து மாட்டுப்பண்ணையில் சாணத்திலிருந்து வரும் வாயுவில் மிஞ்சியதைப் புகைபோக்கியின் உச்சியில் தினமும் எரிப்பதாக நிர்வாகம் சான்றிதழ் வாங்கியிருந்தது. எரிக்காமல் விட்டால் அந்த வாயு, எரிந்த புகையைவிடப் பூமியைப் பல மடங்கு சூடாக்கும். அதைச் சோதிக்கத்தான் அவர் முந்தைய நாள் விடியலில் போயிருந்தார்.

ஹலீம் தன் கூட்டாளி பாஹிமின் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனார். புகைபோக்கியின் அடியில் தேயிலைச் செடிகள்மேலும் இரத்தம் தெறித்துக் காய்ந்திருந்தது. பாஹிம் விறுவிறுவென்று ஏணியில் ஏறினான்.

“நானா! வாய்க்குள்ள மைனாக் கூடு! முட்டையும் இருக்கு!”

கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் கைவிட்டுத் துழாவிய ஹலீம், முடி ஒட்டிய பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். யாருக்கும் காட்டாமல், அங்கே காவலுக்கு நின்ற பொலிஸ் சார்ஜனிடம் மட்டும் கொடுத்தார்.

பிறகு தோட்டத்து மேனேஜர் சுதாகரனின் அறையில் சார்ஜனோடு எல்லோரும் கூடினார்கள்.

“பங்களா வாசல்ல இருந்து பார்த்தேன்,” என்றார் சுதாகரன். “பனி மூட்டந்தான். ஆனா உச்சியில தீ எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல பழனியாண்டி ஸ்பேனரால அடிச்சது நல்லாத் தெரிஞ்சுது.”

“முட்டையோட கூடு இருக்கிற இடத்துல தீ எப்படிங்க எரியும்?” என்றார் ஹலீம் அமைதியாக. “அங்க எரிஞ்சு ரொம்ப நாளாச்சு. வாயுவை வேற குழாயில சும்மா வெளிய விட்டுருக்கீங்க. தீ இல்லாட்டி அந்தப் பனியில பங்களாவுல இருந்து ஒண்ணும் தெரியாது. தடிப் பொல்லால அடிச்சதாத்தான் பொலிஸ் நெனச்சுது. ஸ்பேனர் கெடச்சது எனக்கும் சார்ஜனுக்குந்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சுதாகரன் சுவரில் தொங்கிய, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கி ஹலீமின் கழுத்துக்கு வீசினார். பாஹிம் குறுக்கே கையை நீட்டினான். கத்தி எலும்புவரை இறங்கியது. ஹலீம் நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அறைந்தார். பல் உடைந்து, வாய் நிறைய இரத்தத்தோடு சுதாகரன் சரிந்தார்.

“மேல ஏறி எல்லாத்தையும் பார்த்துட்டான்,” என்று முனகினார். “எறங்கினதும் அடிச்சேன்.”

சாயங்காலம் பழனியாண்டியை விட்டார்கள். பிடித்துப் பொலிஸில் கொடுத்த கூட்டம் அடித்ததில் அவருக்கு ஒரு கண் திறக்கவில்லை.

“நான் போறப்ப உசுரு இருந்திச்சும்மா,” என்றார் நிலக்ஷியிடம். “மடியில போட்டுக்கிட்டேன். ரெத்தம் நிக்கல. ஒம் பேரத்தான் சொன்னாரு.”

அதுவரை அழாதிருந்த நிலக்ஷி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கதறினாள்.