தார்க்குளத்தில் மிதந்தவன்

ட்ரிங்... ட்ரிங்...!

"சார்ஜென்டம்மா! கழிவுக்குளத்துல பொணம் மிதக்குது!"

சார்ஜென்ட் டார்கா காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

தார்மணல் சுரங்கத்து ஃபோர்மேன் டூகனைக் கொன்றுவிட்டு ஓடிய லாரி டிரைவர் நோஸ்வொர்த்தி இன்னும் சிக்கவில்லை. கனடாவின் அந்த எண்ணெய் ஊரான ஃபோர்ட் மெக்மரியில் இருக்கிற ஒரே ஹைவேயில் தடுப்பு. ஏர்போர்ட்டில் காவல். மோப்ப நாய்களோ தார்மணல் நாற்றத்தில் சுருண்டு படுத்துவிட்டன!

சாயங்காலத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கேஸ் எட்மன்டன் தலைமையகப் போலீஸ் கைக்குப் போய்விடும்.

குளம். படகு. கொக்கி போட்டு இழுத்தால்...

வைக்கோல் பொம்மை!

"மறுபடியும் பொம்மையா?" டார்கா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள். "போன வாரமும் இதே கூத்து! ஏன்யா ரோலண்ட், இதுங்களை ஒழுங்கா கட்ட மாட்டியா?"

தார்மணலைக் கழுவி எண்ணெய் எடுத்த மிச்சத் தண்ணீர் அது. இறங்கிய பறவை திரும்பிப் பறக்காது. பறவைகளை விரட்டத்தான் குளத்தில் மிதக்கும் பீப்பாய்கள் மேல் ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டும் போட்ட பொம்மைகள். ரோலண்ட் கார்டினல்தான் அவற்றுக்குக் காவல்.

"நல்லாத்தான் கட்டினேன். எப்படி விழுந்துச்சோ!" ரோலண்ட் பல்லைக் காட்டினான். "நின்னா மட்டும் என்னத்தைக் கிழிக்குது? மண்டை மேலயே அண்டங்காக்கா உக்காந்து அரட்டை அடிக்குது!"

டார்கா எரிச்சலோடு குளத்தைப் பார்த்தாள்.

உண்மைதான். ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஒரு காக்கை.

கோடியில் நின்ற அந்த ஒரு பொம்மையைத் தவிர!

"ரோலண்ட்... அது மேல மட்டும் ஏன் காக்கா இல்ல?"

ரோலண்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அய்யய்யோ... லாரி டிரைவருங்க உடுப்பும் ஆரஞ்சுதானே!"

"நோஸ்வொர்த்தி! எவனோ கொன்னு கட்டி வெச்சுட்டான்... போச்சு! குற்றவாளியும் பொணமாயிட்டான்! படகை விடு!"

நெருங்கினார்கள். தொங்கிய தலை. நீலம் பாரித்த உதடு. டார்கா கையை நீட்டினாள்...

அச்ச்ச்!

பொணம் தும்மியது!

"சுட்டுடாதீங்க!" நோஸ்வொர்த்தி குளிரில் பல் தந்தியடிக்க இரண்டு கைகளையும் தூக்கினான். "நாய்ங்க போனதும் ஓடிடலாம்னு பொம்மையைத் தள்ளிட்டு ஏறினேன். டூகனைக் கொன்னது நான்தான்! ஜெயில்ல ஹீட்டர் இருக்குல்ல?"

கையில் விலங்கு ஏறியது. டார்கா முதல்முறையாகச் சிரித்தாள்.

ரோலண்டின் முகம்தான் தொங்கிப்போனது.

"சார்ஜென்டம்மா... இந்தக் குளத்துல ஒழுங்கா வேலை பார்த்த ஒரே பொம்மை இவன்தான். இவனையும் புடிச்சுட்டுப் போனா எப்படி?"