துல்லியோ சொன்ன மூன்று ஆமாம்

புதன், மாலை 4.05. இத்தாலியின் கியோஜா ஊரில், வேனா வாய்க்கால் ஓரத்துக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் இரைச்சல் நின்றது.

முதல் மாடியில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஃபுல்வியா நிமிர்ந்து மேற்கூரையைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. பகலில் மீன் சந்தையின் ஐஸ் கிடங்கில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த இரைச்சலுக்குக் கீழேதான் அவள் தூங்கினாள், படித்தாள். மேல்வீட்டுத் துல்லியோ மூச்சுவிடுவது அந்த ஆக்ஸிஜன் இயந்திரத்தால். அது நின்றால் என்ன பொருள் என்பதை யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. படியேறி ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. துல்லியோ நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூக்குக்குழாய் தரையில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் அசைந்தது.

"சாகலை," என்றார். நடுவில் மூச்சு வாங்கினார். "சிக்கனம்."

மடியில் மின்சார பில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு 217 யூரோ. முந்தைய பில் 94. மேலே அச்சாகியிருந்தது அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர். பில் வந்த நாளிலிருந்து தினமும் மாலை இரண்டு மணிநேரம் இயந்திரத்தை நிறுத்தி வைக்கிறார் என்பது அப்போதுதான் ஃபுல்வியாவுக்குத் தெரிந்தது. சென்ற வாரம் முழுவதும் அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருந்தாள்.

அவள் ஸ்விட்சைப் போட்டாள். பழைய குளிர்பெட்டிக்குள் தேனீக்கூடு வைத்ததுபோல இயந்திரம் முனகத் தொடங்கியது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி பிரூனா வந்தாள். கணவனைப் பார்க்காமல் ஃபுல்வியாவிடம் பேசினாள். எட்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. காரணம், அக்டோபரில் வாசலுக்கு வந்த நீலச்சட்டைப் பையன். மின்சாரக் கம்பெனி ஆள் என்று சொல்லி வந்தவனுக்கு அவள் காபி கொடுத்தாள், பில்லையும் காட்டினாள். எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று சத்தியம் செய்தாள்.

"கதவைத் திறந்தது நீதானே," என்றார் துல்லியோ.

"பாத்தியா பொண்ணே? மூச்சு விட முடியல, என்னைத் திட்ட மட்டும் காத்து வருது."

4.40. புதுக் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். வரிசையில் இருபத்திரண்டு நிமிடம். பிறகு ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்: அக்டோபர் 14, செவ்வாய், காலை 11.20க்கு வாடிக்கையாளரின் வீட்டுத் தொலைபேசியில் அழைத்து ஒப்புதல் பெறப்பட்டது, அவர் குரலே பதிவில் இருக்கிறது, அனுப்புகிறோம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆதாரத்தோடு எழுத வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ஒரு வருடம் நீடிக்கும்.

ஒரு வருடம். தினம் இரண்டு மணிநேரம் இயந்திரம் நின்றால் இந்த மனிதர் ஒரு வருடம் தாங்குவாரா? ஃபுல்வியா தன் குறிப்பேட்டில் எழுதினாள்: "யார்? எப்படி? நான் கண்டுபிடிப்பேனா? உறுதி இல்லை." கடைசி வாக்கியத்தை அடித்தாள்.

வியாழன், மதியம் 1.15. கட்டடத்தின் மற்ற வீட்டு பில்களை வாங்கிவந்து ஐஸ் கிடங்கு மேசையில் பரப்பினாள். ஒன்றில் "விற்பனைச் செலவு" மாதக்கணக்கில் இருந்தது. இன்னொன்றில் அதே செலவு வருடக்கணக்கில், வேறு பெயரில், இரண்டாம் பக்கத்தின் அடியில். மூன்றாவதில் "வசந்தச் சலுகை", எதிலிருந்து சலுகை என்று எங்கும் இல்லை. மூன்று கடைக்காரர்கள் ஒரே மத்தி மீனை ஒருவன் கிலோவாக, ஒருவன் கூடையாக, ஒருவன் வால் எண்ணி விற்றால் சந்தையில் அடி விழும். இங்கே அதற்குப் பெயர் போட்டி. கோபத்தில் அவள் பேனா தாளைக் கிழித்தது.

அவள் ஒரே கேள்வி கேட்டாள். எல்லோரும் வருடத்துக்கு 2,000 யூனிட் செலவழித்தால், எல்லாம் சேர்த்து யார் எவ்வளவு கட்டுவார்? ஒரு வீட்டுக்கு ஓர் எண். மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். ஒன்பது வீடுகளில் துல்லியோ உட்பட ஆறு பேர் அதே புதுக் கம்பெனியில், மிக அதிகத் தொகையில் இருந்தார்கள். ஆறு வீட்டிலும் நீலச்சட்டை கதவைத் தட்டியிருந்தான். ஆறு வீட்டு ஆண்களும் மரப்பந்து உருட்டும் போச்சே சங்கத்துக்குப் போகிறவர்கள்.

2.30. நீலச்சட்டை தந்துவிட்டுப் போன சீட்டில் எண் இருந்தது. போனில் அவன் எரிந்து விழுந்தான். ஆமாம், வந்தேன். ஆமாம், பில்லைப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்தவருக்கு எதையும் விற்கவில்லை. "நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்." அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்றும் எழுதிக்கொண்டாள்.

மாலை 6.40. பதிவு வந்தது. ஃபுல்வியா அன்று வகுப்புக்குப் போகவில்லை. மேல்வீட்டு மேசையில் செல்போனை வைத்து ஒலிக்கவிட்டாள். ஒரு பெண்குரல் என்னவோ கேட்டது. யாருக்கும் விளங்கவில்லை. இயந்திரம் அத்தனை இரைந்தது.

"அதைக் கொஞ்சம் நிறுத்து," என்றார் துல்லியோ.

"வேண்டாம். ஓடட்டும்," என்றாள் ஃபுல்வியா. சட்டென்று எழுந்து போனைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக் கேட்டாள். பெண்குரல் மூன்று கேள்வி கேட்டது. நீங்கள்தான் துல்லியோ போஸ்கோலோ, மூக்கன் வீட்டாரா? இந்த முகவரிதானா? புதிய கட்டணத்துக்குச் சம்மதமா? ஒவ்வொன்றுக்கும் துல்லியோவின் குரல், தெளிவாக, அமைதியாக: ஆமாம். ஆமாம். ஆமாம்.

திரும்பி வந்து இரண்டு விஷயம் கேட்டாள். முதலாவது, இயந்திரத்தைச் சோதிக்க வருபவர் எழுதிவைக்கும் அட்டை. பிரூனா எடுத்துக் கொடுத்தாள். அக்டோபர் 1 வரை இயந்திரம் மொத்தம் ஓடியது 9,112 மணிநேரம். அக்டோபர் 29 வரை 9,776. இரண்டாவது, கடைசியாக யார் அவரிடம் முழுப்பெயர் கேட்டார்கள்?

துல்லியோ சிரித்தார், இருமினார். "சங்கத்து ஒத்தாவியோ. முப்பது வருஷப் பழக்கம். காகிதத்தை எடுத்தான்னா, 'நீதான் போஸ்கோலோ, மூக்கன் வீட்டானா?'ம்பான். கல்யாணத்துல பாதிரியார் கேக்கற மாதிரி."

பிரூனாவும் சிரித்தாள். கியோஜாவில் பாதிப் பேர் போஸ்கோலோ, மீதிப் பேர் டியோட்சோ. அடையாள அட்டையிலேயே 'மூக்கன் வீடு' என்பதுபோல் குடும்பப் பட்டப்பெயர் இருக்கும். எந்த போஸ்கோலோ என்று கேட்பது அங்கே வணக்கம் சொல்வதுபோல.

வெள்ளி, மாலை 4.00. போச்சே சங்கம். ஒத்தாவியோ டியோட்சோ கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்தோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை பின்னறையில் மேசை போட்டு, எல்லோருடைய பில்லையும் இலவசமாக ஒப்பிட்டுச் சொல்வார். பதிலுக்கு ஒரு காபிகூட வாங்கமாட்டார். துல்லியோ சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு, பிரூனாவோடு வந்தார். மற்ற ஐந்து வீட்டாரும் வந்திருந்தார்கள்.

ஃபுல்வியா செல்போனை மேசையில் வைத்தாள். பதிவை ஒலிக்கவிட்டாள்.

"என்ன கேக்குது?" என்றாள் ஒத்தாவியோவிடம்.

"துல்லியோ குரல்," என்றார் ஒத்தாவியோ. "சந்தேகமே இல்ல. பாவம், மறந்துட்டார்."

"சரி, என்ன கேக்கலைன்னு சொல்லுங்க. இது வீட்டுத் தொலைபேசியில பதிஞ்சதாம். அந்த வீட்டுல இயந்திரம் இரையாம எப்படி?"

பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

இயந்திரத்தை நிறுத்தியிருக்கலாமே என்றார் ஒத்தாவியோ. தானும் அதே சந்தேகத்தோடு இரவெல்லாம் புரண்டதாக அவள் சொன்னாள். பிறகு அட்டையைக் காட்டினாள். இருபத்தெட்டு நாளுக்கு 672 மணிநேரம். இயந்திரம் ஓடியது 664. எட்டு மணிநேரம் குறைகிறது. அந்த இருபத்தெட்டு நாளில் நான்கு செவ்வாய். செவ்வாய்க்கு இரண்டு மணிநேரம், அவர் சிலிண்டரோடு இங்கே வந்திருந்த நேரம். அது இரையாது. வீட்டில் அவர் இருந்தவரை இயந்திரம் ஒரு மணிநேரம்கூட நின்றதில்லை. அக்டோபர் 14, 11.20க்கு அவர் உட்கார்ந்திருந்தது வீட்டில் இல்லை, பின்னறை மேசைக்கு எதிரில்.

"நீலச்சட்டைக்காரன் வாங்கியிருந்தா பின்னாடி இரைச்சல் இருக்கும். சிஞ்ஞோரா பிரூனா சம்மதிச்சிருந்தா அவங்க குரல் இருக்கும். அமைதியான அறையில, பில்லைக் கையில வச்சுக்கிட்டு, பேர் கேட்டு, முகவரி கேட்டு, 'கட்டணம் குறையணும், சம்மதந்தானே'ன்னு கேட்டவர் ஒருத்தர்தான். நீங்க பதிஞ்சு கொடுத்த பதிலை வச்சுக்கிட்டு, பொண்ணு குரல்ல கேள்வியை மாத்திட்டாங்க. முப்பது வருஷ நண்பன் பேர் கேட்டா வேற ஊர்ல சிரிச்சிருப்பாங்க. இங்க யாருக்கும் உறுத்தாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

ஒத்தாவியோ கைகளை விரித்தார். தன் ஒப்பீட்டுத் தாளில் அந்தக் கம்பெனியின் யூனிட் விலைதான் குறைவு என்றார். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

"யூனிட் விலை மட்டும். வருஷத்துக்கு எண்ணூறு யூரோ நிலைக்கட்டணம், அதை நீங்க எழுதவே இல்ல." அவள் தன் தாளை மேசையில் வைத்தாள். ஒரு வீட்டுக்கு ஓர் எண். பத்தாவது வரி காலியாக இருந்தது. "உங்க வீட்டு பில்லைக் காட்டுங்க. நீங்க இந்தக் கம்பெனியில இருக்கீங்களா?"

அவர் காட்டவில்லை. கம்பெனி தலைக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்தது என்று யாரோ கேட்டார்கள். ஒத்தாவியோ கணப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

4.25. துல்லியோ சிலிண்டரை இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். ஃபுல்வியாவின் போனை வாங்கி, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, நடுவில் வைத்தார்.

"நீதான் ஒத்தாவியோ டியோட்சோவா? உப்பன் வீட்டானா?"

"துல்லியோ, டேய்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆமாம்."

துல்லியோ மூச்சு வாங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை மேசை போடறவன்... நீதானா?"

"ஆமாம்."

"என் குரலை வித்தியா?"

கணப்பில் விறகு வெடித்தது. ஐந்து வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்," என்றார் ஒத்தாவியோ, தரையைப் பார்த்து.

4.48க்கு ஃபுல்வியா அதைக் கம்பெனிக்கு அனுப்பினாள், ஒரு நகலைக் காவல் நிலையத்துக்கும். 4.56க்கு ரத்து உறுதியாகிப் பதில் வந்தது. வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல்கூட அதில் இல்லை. மற்ற ஐந்து வீட்டுக்கும் கடிதம் எழுத வேண்டும். தன் தாளைச் சங்கத்துச் சுவரில் ஒத்தாவியோவின் ஒப்பீட்டுத் தாளுக்கு மேலேயே ஆணியடித்து மாட்டினாள். ஆணி ஒரே அடியில் இறங்கியது.

5.30. முதல் மாடியில் அவள் புத்தகத்தைத் திறந்தாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம். ஸ்விட்ச். இரைச்சல் தொடங்கியது. அதற்கு மேலாகக் கத்திக் கத்தி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.