வியாழக்கிழமை பிரிக்க வேண்டிய தையல்

உள்ளறையில் வெள்ளைத் துணியில் காய வைத்திருந்த நீடில் ஹோல்டர் பூட்டிக் கிடந்தது. ஜன்னத் அதை வாய் திறந்த வாக்கில்தான் வைத்திருந்தாள். வளைந்த தையல் ஊசியைக் கவ்விப் பிடிக்கிற சின்னக் குறடு அது. வெந்நீரில் போட்டு எடுத்தால் திறந்து வைத்துத்தான் ஆற விட வேண்டும், இல்லையென்றால் பிடி தளர்ந்துவிடும் என்று டாக்டர் ஏசுவடியான் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார். எடுத்துப் பார்த்தாள். அதன் வாயில் கறுப்புத் தையல் நூல் ஒரு துண்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோடு மாட்டியிருந்தது.

கிளினிக்கில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. டாக்டர் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். பொழுது என்னவோ மத்தியானம்தான், ஆனால் குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மத்தியானம் ஏது, சாயங்காலம் ஏது? மேகம் இறங்கி மலையையே விழுங்கியிருந்தது. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்ததால் எண்ணெய் வழியத் துண்டோடு திரிகிற கூட்டமும் இல்லை. ஓட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீரும், எங்கோ தூரத்தில் அருவி இரைகிற சத்தமும், டெட்டால் வாசனைக்கு நடுவே மெல்ல ஏறி வருகிற பாசி வாடையுமாக இருந்தது அந்த இடம். பாறையில் வழுக்கி விழுகிறவர்களை நம்பிப் பிழைக்கிற கிளினிக். கூட்டம் இல்லாத நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான், இந்தக் குளிருக்கு ஈயும் வராது.

நூலைக் குப்பையில் போட்டு, குறட்டை மறுபடி திறந்து வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தாள். இந்த ஒரு பொழுதைத் தள்ளிவிட்டால் போதும். நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மஸ்கட்டில் முஃபீத் வந்து நிற்பான். கல்யாணம் முடிந்த சூட்டோடு ஓமானுக்குப் போன புருஷன். அவனோடு அவள் வாழ்ந்ததெல்லாம் அவன் லீவில் வந்த நாட்கள் மட்டும்தான். மற்றபடி தனக்கு மட்டும் உலை வைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய வருஷங்கள். அழுது அழுது கேட்டு, இப்போதுதான் விசா வந்திருக்கிறது.

அவனே கூப்பிட்டான்.

"ஏட்டி ஜன்னத்து, பெட்டி கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மச்சான். டாக்டர் வந்ததும் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மழை பெய்யுதுல்லா, அதான்."

போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிரிக். நீடில் ஹோல்டரின் பிடியிலிருக்கும் பற்கள் ஒன்றில் ஒன்று ஏறிப் பூட்டுகிற சத்தம். கிரிக். கிரிக்.

போன வியாழக்கிழமை அவள் கையில் கேட்ட சத்தம்தான். அன்றைக்குப் பழைய குற்றால அருவியில் வழுக்கி விழுந்த ஒருவனைப் போலீஸ்காரர்கள் தூக்கி வந்தார்கள். முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை சதை பிளந்திருந்தது. பேர் நல்லதம்பி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் என்றான். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "யாரும் இல்ல சிஸ்டர், எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு நின்றுவிட்டது. உள்ளுக்குள் வேறு எங்கோ அடி. டாக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "விட்டுரும்மா, ஆள் போயாச்சு" என்று சொல்லி, வாசலில் நின்ற போலீஸ்காரர்களிடம் பேசப் போனார்.

பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்த அந்தக் கையைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்தவர்களுக்குச் சாக்கு தைப்பதுபோல ஒரே ஓட்டாக ஓட்டிவிடுவார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொரு முடிச்சாகத் தனித்தனியே போட்டு முடித்து, பஞ்சால் துடைத்தாள். உடனே, எல்லா நோயாளியிடமும் சொல்கிற வார்த்தை தன்னாலே வாயில் வந்துவிட்டது.

"வர்ற வியாழக்கிழமை வந்துருங்க, தையல் பிரிக்கணும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிணத்தைக் கேட்டு யாருமே வரவில்லை என்றும், போலீஸே புதைத்துவிட்டது என்றும் பிற்பாடு காதில் விழுந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை.

உள்ளறையை எட்டிப் பார்த்தாள். நீடில் ஹோல்டர் மறுபடியும் பூட்டியிருந்தது. மறுபடியும் ஈர நூல். பையைக்கூட எடுக்காமல் வாசலுக்குத் திரும்பினாள்.

கதவை ஒட்டிய பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் தண்ணீர். தைத்த கையை மடியில் நீட்டி வைத்திருந்தான். முகத்தில் கோரம் எதுவும் இல்லை, தன் முறை வரட்டும் என்று காத்திருக்கிற நோயாளியின் முகம்.

"வரச் சொன்னீங்கள்லா சிஸ்டர்?"

அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"இதப் பிரிச்சு விட்டீங்கன்னா போயிருதேன்."

வெளியே போக இருப்பது அந்த ஒரு கதவு. அதன் பக்கத்தில் அவன். பிரித்துவிட்டால் போய்விடுவான். போய்விட்டால் நாளைக்கு விமானம். அவள் கத்தரியையும் சின்ன இடுக்கியையும் எடுத்து வந்து அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைக்கு வேலை மறக்கவில்லை. முடிச்சைத் தூக்கு. வெட்டு. இழு. தோல் பனிக்கட்டி. தூக்கு. வெட்டு. இழு. பாசி நாற்றம் ஏறிக்கொண்டே வந்தது.

கடைசி நூலும் வந்துவிட்டது.

காயம் வாய் திறந்தது. ரத்தம் இல்லை. தெளிந்த தண்ணீர்.

"ஆறலியா சிஸ்டர்?" பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

இடது கையால் பஞ்சை வைத்து அமுக்கினாள். பழக்கம். பஞ்சு உள்ளே போனது. இரண்டு விரல்களும் கூடவே போயின. குளிர். அப்புறம் வெதுவெதுப்பு. இழுத்தாள். வரவில்லை. காலைப் பெஞ்சில் ஊன்றி இழுத்தாள். வரவில்லை.

"இப்பம் ஆறுது," என்றான்.

முழங்கைப் பக்கமிருந்தும் மணிக்கட்டுப் பக்கமிருந்தும் சதை கூடிக்கொண்டே வந்தது. ஊசி இல்லை. நூல் இல்லை. அவள் விரல்களைச் சுற்றி வந்து சேர்ந்தது. தழும்புகூட விழவில்லை.

யா அல்லா.

வலது கையில் கத்தரி இருந்தது. எங்கே வெட்டுவது? அவள் தோல் முடிகிற இடத்தைத் தேடினாள். தெரியவில்லை. தள்ளி வெட்டலாம். அவன் முழங்கைக்குப் பக்கத்தில், நன்றாகத் தள்ளி, வெளுத்த தோலில் கத்தரியை அழுத்தினாள். சிவப்பாக, சூடாக ரத்தம் வந்தது.

வலித்தது அவளுக்கு.

அவன் உட்கார்ந்தபடியே மற்றக் கையை நீட்டிக் கதவைத் திறந்தான். வைத்தியம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவன்போல எழுந்தான். அவளும் எழ வேண்டியிருந்தது.