கறுப்புத் திரையில் அவள்

துண்டு பக்கம் மாறியிருந்தது.

சர்வர்களை வீட்டிலிருந்தே கண்காணிக்கும் வேலை அவனுக்கு. பொழுதெல்லாம் கணினித் திரையில் கட்டளைகள் ஓடும் அந்தக் கறுப்பு ஜன்னலில்தான் கண் கிடக்கும் என்பதால், எழுத்துகளுக்குப் பின்னணியாக மனைவியின் படத்தை வைத்திருந்தான். இதே நாற்காலியிலிருந்து திரும்பி எடுத்த படம். படுக்கையறை வாசலில் ஈரத் தலையோடு நிற்கிறாள். தோளில் போட்ட துண்டு படத்தின் வலப்பக்கம் தொங்குகிறது. "நல்லா விழுந்திருக்கேனா?" என்று அன்று கேட்டவள், அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் அவள் முகத்தின் மேல் எழுத்து தெரியவில்லை. ஒரு கட்டளையைத் தப்பாக அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டான். பிழைப்பு நடக்க வேண்டுமே! அந்த ஜன்னலின் செட்டிங்ஸுக்குள் போய்ப் படத்தை மங்கலாக்கினான். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் முகமே கலங்கிப்போகிற அளவுக்கு.

இப்போது அந்தத் துண்டு இடப்பக்கம் தொங்கியது. மழை இருட்டு, விளக்கும் போடவில்லை, கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் தங்கை போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணா, அண்ணி படத்த எடுத்துடு. நாள் பூரா அதையே பாத்துட்டிருந்தா நீ எப்படித் தேறுவ?"

எடுத்தான். 'படம் இல்லை', 'வெறும் கறுப்பு' என்று தேர்ந்தெடுத்தான். இரண்டாம் முறையும் அவளை வழியனுப்புகிற மாதிரி அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவள் போகவில்லை.

மறுபடி செட்டிங்ஸைத் திறந்தான். படம் இல்லை. வெறும் கறுப்புதான்.

திரை இப்போது ஒரு கறுப்புக் கண்ணாடி. அறையில் இருப்பதைத்தான் காட்டும். இடம் வலமாக.

வாசல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பவில்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. திரும்பினால் இல்லாமல் போய்விடுவாளோ?

"வந்துட்டியாம்மா?"

ஈரக் காலடி. அவளுடைய ஷாம்பு வாசனை. கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

கண்ணாடியில், அவன் தோளோரம் முகம் குனிந்தது. கண் இல்லை. வாய் இல்லை. சிலேட்டை உள்ளங்கையால் துடைத்த மாதிரி ஒரு கலங்கல். படத்துக்கு அவன் வைத்த அதே அளவு.

"நல்லா விழுந்திருக்கேனா?"